விசுவாசிக்குப் பயம் வரலாமா?

14 ஆகஸ்ட் 2023: முத்துப்பேட்டைப் பக்கத்துச் சகோதரி கேட்டது

எங்களுடையது கடைமடை, வாய்க்காலின் கடைசி. குத்தகை நிலத்தில் குறுவை நெல் போட்டோம். மேட்டூர் அணை திறந்தும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் ஒழுங்காக வந்து சேரவில்லை. பயிர் கண்ணெதிரே கருகுகிறது. நகை வங்கியில் இருக்கிறது, குழுக் கடன் வாரா வாரம் கட்ட வேண்டும். ராத்திரி ரெண்டு மணிக்கு விழிப்பு வந்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தம் எனக்கே கேட்கிறது. ஜெபக்குழு அக்காவிடம் சொன்னேன். “தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடுக்கலை. பயம் வருதுன்னா விசுவாசம் இல்லைன்னு அர்த்தம்” என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மனசு அடங்கியிருக்கிறது. வீட்டு வாசலுக்கு வருவதற்குள் அது போய்விடுகிறது. எனக்கு விசுவாசம் இல்லையா?

14 ஆகஸ்ட், இரவு

இருக்கிறது. இல்லாதவர் இதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார். மீதியை நாளை எழுதுகிறேன், கண் எரிகிறது.

15 ஆகஸ்ட்

பொறையாறு பக்கம் எனக்கு ஊர். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். வேதசாஸ்திரம் படித்ததில்லை, பயத்தில் மட்டும் கொஞ்சம் அனுபவம் உண்டு.

11 கேவி (11,000 வோல்ட்) லைனில் வேலை என்றால் முதலில் லைன் கிளியர், அதாவது லைனை நிறுத்தி வேலை செய்ய அனுமதி, வாங்க வேண்டும். லைனைத் துண்டிக்கிற ஏபி சுவிட்சைத் திறந்து பூட்ட வேண்டும். கம்பியை மண்ணோடு இணைக்கிற எர்த் ராடை மாட்ட வேண்டும். இத்தனையும் செய்த பிறகும் கம்பியைத் தொடப்போகிற நேரத்தில் வயிற்றைப் பிசையும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை வெளியே சொல்ல வெட்கம். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஃபோர்மேன் கண்டுபிடித்துவிட்டார். “அது வர்ற வரைக்கும் நீ பத்திரமா வீட்டுக்குப் போவ. வராத அன்னிக்கு எங்கிட்ட சொல்லு, உன்னைக் கம்பத்துல ஏத்த மாட்டேன்” என்றார். பயமே இல்லாத ஆட்கள் ஓரிருவர் எங்களோடு இருந்தார்கள். அவர்கள் படத்துக்கு மாலை போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

ஆகவே பயம் என்றாலே பிசாசு என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அந்த அக்கா சொன்னது 2 தீமோத்தேயு 1:7, இளம் ஊழியன் தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய கடிதம். கொஞ்சம் மேலே போய்ப் படியுங்கள். 4ஆம் வசனத்தில் தீமோத்தேயுவின் கண்ணீரைப் பவுல் நினைத்துப் பார்க்கிறார். அடுத்த வசனத்திலேயே அதே பையனின் விசுவாசத்தை மாயமற்றது, அதாவது வேஷமில்லாதது, என்கிறார். அழுதவனைப் பார்த்து, அழுதாயே, உனக்கு விசுவாசம் இல்லை என்று சொல்லவில்லை. 4ஐயும் 5ஐயும் விட்டுவிட்டு 7ஐ மட்டும் பிய்த்தெடுத்துச் சொன்னால் எப்படி?

16 ஆகஸ்ட்

“ஒன்றுக்கும் கவலைப்படாமல் என்று பிலிப்பியரில் இருக்கிறதே” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இருக்கிறது, 4:6. சிறையிலிருந்து எழுதிய கடிதம் அது என்பதால் அந்த வரிக்குத் தனி எடை உண்டு. ஆனால் அதே கடிதத்தின் 2ஆம் அதிகாரத்தில் தன் உடன் ஊழியன் எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்ததைச் சொல்லி, எனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வராதபடி தேவன் இரங்கினார் என்கிறார் பவுல். அவனை உங்களிடம் அனுப்பிவிட்டால் என் துக்கமும் குறையும் என்கிறார். கவலையே தெரியாத மனிதர் எழுதும் எழுத்தா இது?

18 ஆகஸ்ட்

இதைப் படிக்கிற கும்பகோணத்து பிரதர் மாற்கு 4ஐ எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். எதிர்பார்த்ததுதான். புயலில் சீஷர்களைப் பார்த்து, ஏன் இப்படிப் பயப்பட்டீர்கள், ஏன் உங்களுக்கு விசுவாசம் இல்லாமல் போயிற்று என்று இயேசுவே கேட்கிறாரே, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்கிறார். நியாயமான கேள்வி, மழுப்பக் கூடாது.

இயேசு கேட்டது உண்மை. எப்போது கேட்டார் என்று பாருங்கள். உலுக்கி எழுப்புகிறார்கள், நாங்கள் சாகிறது உமக்குக் கவலையில்லையா என்று சத்தம் போடுகிறார்கள். அவர் எழுந்து காற்றை அதட்டுகிறார், கடல் அடங்குகிறது. அதற்குப் பிறகுதான் கேள்வி. காப்பாற்றியவருக்குக் கேட்க உரிமை உண்டு. சகோதரியின் வயலுக்கு ஒரு குடம் தண்ணீர்கூடக் கொண்டுபோகாதவர்கள் அதே கேள்வியைக் கேட்பது வேறு விஷயம்.

19 ஆகஸ்ட்

வேதாரண்யம் டீச்சர் திருத்துகிறார்: மாற்கிலும் லூக்காவிலும்தான் அந்த வரிசை. மத்தேயு 8இல் கேள்வி முதலில், காற்றை அதட்டுவது பிறகு. சரிதான், எடுத்துப் பார்த்தேன். நான் வரிசையை வைத்துக் கட்டியதில் பாதி போயிற்று. மீதிப் பாதி நிற்கிறது: முதலில் உங்கள் பயத்தை விடுங்கள், அப்புறம் புயலைப் பார்க்கலாம் என்று மூன்று சுவிசேஷத்திலும் அவர் சொல்லவில்லை. பயந்தவர்களை அந்தப் பயத்தோடேயே கரை சேர்த்தார்.

மீன்பிடிக்கப் போகிற அக்கரைப்பேட்டைத் தம்பி எழுதியதை அப்படியே போடுகிறேன்: “அந்தப் படகுல நாலு பேராவது தொழில்காரங்க. காத்து எந்த மாதிரின்னு தெரிஞ்சவங்க பயந்தாங்கன்னா காரணம் இருக்கும். கரையில நின்னு பிரசங்கம் பண்றவங்களுக்கு அது புரியாது.” இயேசு தலையணை வைத்துத் தூங்கினார் என்று மாற்கு மட்டும் எழுதியிருக்கிறாராம். விசைப்படகில் இப்படித் தூங்கினால் பங்குப் பணத்தில் பிடித்துவிடுவார்கள் என்கிறான் தம்பி.

22 ஆகஸ்ட்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சகோதரியிடம் அந்த அக்கா சொன்னதை என் மனைவியிடமும் ஒருவர் சொன்னார், அதனால் எழுதுகிறேன்.

கஜா புயலுக்கு இரண்டு வருடம் முன்பு அவளுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. தஞ்சாவூருக்குப் போவதும் வருவதுமாக இருந்தோம். ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள் எல்லாவற்றையும் ஜவுளிக்கடை மஞ்சள் பையில் தேதிவாரியாக அடுக்கி அவளே வைத்திருப்பாள். டாக்டர் கேட்பதற்கு முன்னால் சரியான தாளை உருவிக் கொடுப்பாள். அந்த ஒரு காரியத்தில் அவளுக்கு ஒரு கெத்து.

வெளியூரிலிருந்து ஜெபிக்க வந்த ஒருவர் தலையில் கை வைத்து ஜெபித்தார். முடித்துவிட்டு, “உங்களுக்குள்ளே இன்னும் ஒரு சந்தேகம் இருக்கும்மா. அதுதான் சுகத்தைத் தடுக்குது” என்றார். காப்பியும் குடித்துவிட்டுத்தான் போனார். அன்று ராத்திரி முழுக்க அவள் தூங்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் நாத்தனார் முறை உள்ள ஒருத்தியிடம் பொய் சொன்னதிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள். வியாதி ஒரு பக்கம், அதற்குத் தானே காரணம் என்கிற நினைப்பு இன்னொரு பக்கம். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஃபேனைக் கூட்டி வைத்தேன், குறைத்து வைத்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

இரண்டொரு நாள் கழித்து எங்கள் சபையின் வயதான உபதேசியார் வந்தார். அவருக்குப் பேசவே வராது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு 88ஆம் சங்கீதத்தைப் படித்தார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், சங்கீதங்களிலேயே வெளிச்சம் இல்லாதது அதுதான். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் எங்கேயாவது திரும்பும், ஸ்தோத்திரத்தில் முடியும். இது திரும்பாது. சிநேகிதரையும் தூரமாக்கினீர், அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று சொல்லி அப்படியே நின்றுவிடும். அவர் புத்தகத்தை மூடினார். இவள், “அவ்வளவுதானா ஐயா?” என்றாள். “அவ்வளவுதாம்மா, இதுக்கு மேல இதுல இல்லை” என்றார். இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இதெல்லாமும் வேதத்துல இருக்கா! அப்ப நான் கேக்கறதுல தப்பில்லை” என்றாள்.

லைனை ஆஃப் செய்தாலும் கம்பியில் மின்சாரம் கொஞ்சம் தங்கியிருக்கும். எர்த் ராடை மாட்டினால்தான் மண்ணுக்கு இறங்கும். அந்தச் சங்கீதம் அவளுக்கு அப்படி ஒரு வேலை செய்தது. அன்று தூங்கினாள்.

சுகமாகவில்லை. அடுத்த தை மாதம் போய்விட்டாள். கடைசிவரை பயந்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பயந்துகொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டு பாடவும் பாடினாள், சுருதி விட்டுத்தான். அவளுக்கு விசுவாசம் குறைவு என்று என்னிடம் யாரும் வந்து சொல்ல வேண்டாம்.

23 ஆகஸ்ட்

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தால், ஒரு சங்கீதம் படித்தால் தூக்கம் வந்துவிடும் என்கிற மாதிரி இருக்கிறது. அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த வாரமே மறுபடி தூங்காமல் கிடந்தாள். அதனால் முதலில் வந்தது பொய்யாகிவிடுமா? சகோதரி, ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு வருகிற அமைதிக்கும் இதைத்தான் சொல்வேன். வாசலுக்கு வருவதற்குள் போய்விடுகிறது என்றால் வந்தது என்றுதானே அர்த்தம்? கையில் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை என்பது உங்கள் குற்றமில்லை. மறுபடி போய் உட்காருங்கள்.

25 ஆகஸ்ட்

கொஞ்சம் இலகுவாக. “உங்கள் லுத்தரன் சபையில் பயத்தைப் பற்றிப் பிரசங்கமே கிடையாதா?” என்று கிண்டல் செய்கிறார் கும்பகோணத்து பிரதர். ஐயா, எங்கள் சபையே பயத்தில் தொடங்கியதுதான்! 1505இல் லூத்தர் நடந்து போய்க்கொண்டிருந்தபோது பக்கத்தில் மின்னல் இறங்கியது. பரிசுத்த அன்னாளே, காப்பாற்றும், நான் சந்நியாசி ஆகிறேன் என்று அலறிவிட்டார். பிழைத்து வந்து, சொன்னபடியே மடத்தில் சேர்ந்தார். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்தது. மின்னலுக்குப் பயந்தவர் என்பதால் லைன்மேன்களுக்கு அவர்மேல் தனிப் பிரியம். அந்த மடத்திலும் அவருக்கு நிம்மதி கிடைக்கவில்லை. பின்னாளில் ஊரே கொண்டாடிய காலத்திலும் மனப்போராட்டம் விடாமல் வந்துகொண்டிருந்தது.

எங்கள் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு ஐயரும் லேசுப்பட்டவர் இல்லை. 1706 ஜூலை 9 அன்று வந்து இறங்கியதிலிருந்து உடம்பு சரியில்லாதவர். முன்கோபி வேறு. அப்போது தரங்கம்பாடியை ஆண்ட டேனிஷ் தளபதியோடு முட்டிக்கொண்டு கோட்டைச் சிறையில் நாலு மாதம் இருந்தார். அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. 1718இல் புது எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்து, 1719 பிப்ரவரியில் இறந்தார். வயது 36. அவர் கல்லறை அந்த ஆலயத்துக்குள்ளேயே இருக்கிறது. கடற்கரைக்கு வரும் கூட்டத்தில் பாதிப்பேர் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. சாந்தசொரூபி என்று அவரைச் சொல்ல முடியாது. வேலை மட்டும் நிற்கவில்லை. எனக்கு இந்த மாதிரி ஆட்களைத்தான் பிடிக்கிறது.

29 ஆகஸ்ட்

இன்று வேளாங்கண்ணியில் கொடியேற்றம். சென்னைப் பக்கமிருந்து காவி உடுத்தி நடந்து வருகிறவர்கள் இந்த வாரம் முழுக்க எங்கள் தெரு வழியாகப் போகிறார்கள். நாங்கள் மாதாவிடம் வேண்டுகிற வழக்கம் உள்ளவர்கள் இல்லை. அதற்காக மோர் கொடுக்காமல் இருக்க முடியுமா? திண்ணையில் உட்கார்ந்து காலில் கொப்புளத்துக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் என்ன வேண்டுதல் என்று கேட்டேன். “ஒண்ணும் கேக்கலைங்க ஐயா. போன வருசம் கேட்டது கிடைக்கலை. அதைச் சொல்லிட்டு வரலாம்னு போறேன்” என்றாள். கிடைக்காததைச் சொல்ல இத்தனை தூரம் நடை! 88ஆம் சங்கீதத்தை எழுதியவர் பார்த்திருந்தால் கூடவே நடந்திருப்பார்.

வேளாங்கண்ணி என்றதும் சுனாமி ஞாபகம் வராமல் போகாது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கோயிலுக்கு வந்திருந்த யாத்திரிகர்கள் கடற்கரையில் இருந்தார்கள். ஏராளமானவர்கள் போனார்கள். தமிழ்நாட்டில் அதிகச் சாவு அப்போது எங்கள் மாவட்டமாக இருந்த நாகப்பட்டினத்தில்தான். தண்டனை என்று அப்போது சில பேர் துணிந்து பேசினார்கள். லூக்கா 13இல் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததை இயேசு எடுக்கிறார். எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் பாவிகளா, அப்படியல்ல என்று அவரே சொல்கிறார். இதற்கு மேல் யார் வந்து விளக்கம் சொல்ல வேண்டும்?

4 செப்டம்பர்

கஜாவைப் பற்றிக் கேட்கிறார்கள். 2018 நவம்பர் 16 விடிவதற்கு முன்னால் கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. எங்களைத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் அனுப்பினார்கள். கேரளாவிலிருந்தும் மின்வாரிய ஆட்கள் வந்து சேர்ந்து வேலை பார்த்தார்கள். வயலில் முழங்கால் சேற்றில் கம்பத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு போகும்போது மனைவி இறந்த துக்கம் எங்கே போனது என்று தெரியவில்லை. ராத்திரி பள்ளிக்கூடத் தரையில் படுத்தால் திரும்பி வந்துவிடும். ஒரு வீட்டில் லைட் எரிந்ததும் அந்த வீட்டுக் கிழவி என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். அன்று ராத்திரி அது வரவில்லை.

பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு எங்கும் தென்னை படுத்துவிட்டது, பனை நின்றது. இதை வைத்துப் பிரசங்கம் செய்தவர்களைக் கேட்டிருக்கிறேன்: ஆழமாக வேரூன்றியவன் விழ மாட்டான், இத்யாதி. எதிரே உட்கார்ந்திருப்பவர் தோப்பே போனவர் என்று யோசிக்க வேண்டாமா? தென்னை வைத்தவனுக்கு விசுவாசம் குறைவு, பனை வைத்தவன் பரிசுத்தவானா? அடுத்த வருடம் குருத்தோலை ஞாயிற்றுக்குப் பல இடத்தில் தென்னங்குருத்து கிடைக்காமல் பனை ஓலையைப் பிடித்துக்கொண்டு ஓசன்னா பாடினோம். பிள்ளைகள் கையில் கீறிக்கொண்டதுதான் மிச்சம்.

11 செப்டம்பர்

சகோதரி மறுபடி எழுதியிருக்கிறார். பயிர் போய்விட்டது. சில ராத்திரி கொல்லைக் கிணற்றுப் பக்கம் போகவே பயமாக இருக்கிறது, என்மேலேயே எனக்கு நம்பிக்கை இல்லை என்கிறார்.

அம்மா, மற்றதெல்லாம் அப்புறம். இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். ராத்திரி தனியாகப் படுக்க வேண்டாம், யாராவது கூட இருக்கட்டும். 14416க்குக் கூப்பிடுங்கள். அரசாங்கத்தின் மனநல உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது, தமிழில் பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல டாக்டர் இருப்பார், போய்ப் பாருங்கள். மாத்திரை கொடுத்தால் சாப்பிடுங்கள்.

மாத்திரை சாப்பிட்டால் விசுவாசம் போய்விடும் என்று யாராவது சொன்னால் 1 இராஜாக்கள் 19ஐக் காட்டுங்கள். எலியா சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறான். கார்மேல் மலையில் அத்தனை பெரிய வெற்றி அடைந்த அதே எலியா. தேவதூதன் வந்து தட்டி எழுப்பி என்ன சொன்னான்? எழுந்து சாப்பிடு என்றான். தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான். அதற்கும் திட்டு விழவில்லை. இரண்டாம் தடவையும் எழுப்பிச் சாப்பாடு. பேச்சு எல்லாம் அதற்கப்புறம், ஓரேப் மலைக்குப் போன பிறகுதான்.

12 செப்டம்பர்

தஞ்சாவூர் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் கதை இதற்குப் பொருத்தம். 1781 வாக்கில் ஹைதர் அலி படையெடுப்பில் சீமையே பாழாகி, கோட்டைக்குள் ஜனம் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தது. வெளியே நெல் இருந்தது. காசு வராது என்று பயந்த உழவர்கள் கொண்டுவர மறுத்தார்கள். ராஜா சொல்லியும் நம்பவில்லை, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் சொல்லியும் நம்பவில்லை. சுவார்ட்ஸ் நான் பொறுப்பு என்றதும் மாடும் நெல்லும் வந்தன, அவரும் சொன்னபடி கொடுத்துத் தீர்த்தார். அந்தச் சமயத்தில் அவர் என்ன பிரசங்கம் செய்தார் என்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? நெல் வந்தது ஞாபகம் இருக்கிறது.

20 செப்டம்பர்

வேதாரண்யம் டீச்சர் ஒரு வசனம் கொடுத்தார். எனக்கு இத்தனை நாள் கண்ணில் படாதது. 2 கொரிந்தியர் 7:5, புறம்பே போராட்டங்களும் உள்ளே பயங்களும் இருந்தன என்று பவுல் தன்னைப் பற்றியே எழுதுகிறார். அடுத்த வசனத்தில் தேவன் எங்களுக்கு ஆறுதல் செய்தார் என்கிறார். எப்படி? தீத்து வந்து சேர்ந்ததினாலே. தரிசனம் இல்லை, சத்தம் இல்லை. தெரிந்த ஆள் ஒருவர் ஊருக்கு வந்தார்.

கும்பகோணத்து பிரதர் இதற்கு ஒன்றும் எழுதவில்லை. சகோதரிக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பியதாக வேறு ஆள் மூலம் தெரிந்தது. பிரதர், வசனத்தில் நாம் சண்டை போட்டுக்கொண்டே இருக்கலாம், ஆட்சேபணை இல்லை.

30 அக்டோபர்

சகோதரியிடமிருந்து தகவல். டாக்டரைப் பார்த்திருக்கிறார். மாத்திரையில் வாய் உலர்கிறது, தூக்கம் வருகிறது. பக்கத்து வீட்டு பாய் சம்சாரம் சில ராத்திரி வந்து படுத்துக்கொள்கிறாராம், குறட்டை பலமாம். கடன் அப்படியேதான் நிற்கிறது. பயம் வருகிறது, வந்துவிட்டுப் போகிறது என்கிறார். மழையை நம்பிச் சம்பா நேரடி விதைப்பு செய்திருக்கிறார்கள்.

இந்த 2023 சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு செய்ய நவம்பர் 15 கடைசி. குத்தகைக்காரரும் செய்யலாம். அடங்கல் (நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் கிராமக் கணக்கு), ஆதார், வங்கிப் புத்தகம் எடுத்துக்கொண்டு கூட்டுறவு சங்கத்துக்கோ இ-சேவை மையத்துக்கோ போங்கள். கடைசி நாள்வரை இருக்க வேண்டாம், அன்றைக்கு சர்வர் படுத்துவிடும். கும்பகோணத்து பிரதர், உங்களுக்கும் நிலம் இருக்கிறதல்லவா? காப்பீடு கட்டிவிட்டீர்களா?